கூனவாரா: சிவப்பு நிறத்தை வைத்து வகுத்த நிலம்

தெற்கு ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில், பெனோலா என்ற சிற்றூருக்கு வடக்கே, ரிடோக் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு செம்மண் பட்டை நீள்கிறது. நீளம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அகலம், மிக விரிந்த இடத்திலும், 2 கிலோமீட்டர்தான். சுற்றியிருக்கும் தாழ்நிலத்தைவிட அது சில மீட்டரே உயரம். காரில் போகிறவருக்கு மேடு என்றே தெரியாது. உழுத நிலத்தைப் பார்த்தால் மட்டும் நிறம் மாறுவது தெரியும்: நடுவில் துருப்பிடித்த இரும்பின் சிவப்பு, ஓரங்களில் கரி நிறம். இந்தப் பட்டைதான் கூனவாரா. கபர்னே சாவினியோன் திராட்சைக்கு உலகம் அறிந்த இடம்.

இந்த மண்ணைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது ஒற்றை வரி: செம்மண்ணில் நல்ல ஒயின், கரிசலில் சுமாரான ஒயின். அந்த வரியை நம்பி நிலம் விலை ஏறியது, எல்லை கேட்டு வழக்குகள் நடந்தன. ஆனால் குழி வெட்டி உள்ளே பார்த்தால் கொடியை நடத்துவது நிறம் அல்ல என்று தெரிகிறது. தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வடிகிறது, வேர் எத்தனை சென்டிமீட்டரில் பாறையைத் தொடுகிறது, குளிர்காலத்தில் நிலத்தடி நீர் எதுவரை ஏறி நிற்கிறது என்ற மூன்றும்தான் கணக்கு. பெரும்பாலான இடங்களில் சிவப்பு இந்த மூன்றோடும் சேர்ந்தே வருகிறது. சேராத இடங்களில்தான் பணமும் உழைப்பும் வீணாகியிருக்கின்றன.

அடியிலிருந்து மேலே

கூனவாரா ஓட்வே படுகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆழத்தில் டில்வின் மணல் அடுக்கு இருக்கிறது. மேலே களிமூடி இருப்பதால் அதில் நீர் அழுத்தத்தோடு அடைபட்டு நிற்கிறது. அதற்கு மேல் காம்பியர் சுண்ணாம்புக்கல். ஒலிகோசீன், மயோசீன் காலங்களில், அதாவது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், ஆழம் குறைந்த குளிர்ந்த கடலில் படிந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் அது பிரயோசோவா எனும் நுண்ணிய கடல்விலங்குகளின் உடைந்த கூடுகளால் ஆன கல் என்று தெரியும். வெண்மையும் மஞ்சளும் கலந்த, மரம்போல் ரம்பத்தால் அறுக்கக்கூடிய மென்மையான கல். மவுண்ட் காம்பியர் நகரத்தின் பழைய வீடுகள் இதால் கட்டப்பட்டவை. துளைகள் நிறைந்ததால் தண்ணீரைத் தாராளமாகப் பிடிக்கும், தாராளமாக விடும். இந்த வட்டாரத்தின் திறந்த நீர்த்தாங்கி இதுதான். திராட்சைத் தோட்டங்களின் கிணறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே எடுக்கின்றன.

காம்பியர் கல்லுக்கு மேல் பிளைஸ்டோசீன் காலத்து மெல்லிய சுண்ணாம்புப் படிவுகள் கிடக்கின்றன. கடலோர மணல்மேடுகளும் அவற்றின் பின்னால் தேங்கிய உப்பங்கழிகளும் விட்டுச்சென்றவை. இவற்றின் மேல்முகத்தில் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி படியவைத்ததால் ஒரு கெட்டியான ஓடு உருவாகியிருக்கிறது. புவியியலில் கால்கிரீட் என்பார்கள். நம் உழவர் வாயில் சுக்கான் பாறை. சில இடங்களில் ஐந்து சென்டிமீட்டர் தகடு, சில இடங்களில் முப்பதுக்கும் மேல். சம்மட்டியால் அடித்தால் மணி போல் ஒலிக்கும். அந்த ஓட்டைத் துளைத்துவிட்டால் அடியில் நகத்தால் கீறக்கூடிய மென்கல். மேலே கெட்டி, கீழே மென்மை என்ற இந்த வரிசைதான் இங்குள்ள கொடி வளர்ப்பின் மையச் சிக்கல்.

கடல் விட்டுச்சென்ற படிகள்

ரோப் கடற்கரையிலிருந்து கிழக்கே நரகூர்ட் வரை நடந்தால், கடற்கரைக்கு இணையாக ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்த மேடுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரை. பனியுகங்களுக்கு இடையே கடல் உயர்ந்தபோதெல்லாம் ஒரு மணல்மேட்டைக் கட்டிவிட்டுப் போயிற்று. நிலம் அசையாமல் இருந்திருந்தால் அடுத்த கடல் அதே இடத்துக்கு வந்து பழைய மேட்டை அழித்திருக்கும். இங்கே நிலம் ஆண்டுக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர் வீதம் மெல்ல உயர்ந்துகொண்டே இருக்கிறது. அற்பமாகத் தோன்றும் வேகம். ஒரு லட்சம் ஆண்டுகளில் 7 மீட்டர். அதனால் ஒவ்வொரு முறையும் கடல் முந்தையதைவிட மேற்கே நின்றுவிட்டது. கடற்கரைக்கு அருகில் இருக்கும் வோக்வைன் மேடு ஏறத்தாழ 1,25,000 ஆண்டுப் பழமை. கிழக்கு நரகூர்ட் மேட்டின் படிவுகள் புவியின் காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழாவதற்கு முந்தியவை, அதாவது 7,80,000 ஆண்டுகளுக்கு மேல்.

இந்த மேடுகள் கடலுக்கு இணையாக நீள்வதால் மழைநீர் கடலுக்குப் போக வழியில்லை. மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலம் குளிர்காலம் முழுக்கச் சதுப்பாகக் கிடந்தது. 1860களில் தொடங்கி மேடுகளை வெட்டி வடிகால்கள் அமைத்த பிறகே அங்கே பயிர் வைக்க முடிந்தது. தாழ்நிலத்தின் கரிசல் எப்படிப்பட்ட மண் என்பதற்கு இந்த வரலாறே பாதி விளக்கம்.

செம்மண்ணின் பிறப்பு: ஒரு கணக்கு

டெரா ரோசா என்றால் இத்தாலிய மொழியில் செம்மண். சுண்ணாம்புக்கல் மழையில் கரைந்து போக, கரையாத களியும் இரும்பும் மிஞ்சி இம்மண் ஆனது என்பது பழைய விளக்கம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் இடிக்கிறது.

ஒரு சதுர மீட்டர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். மண் அரை மீட்டர் ஆழம், அடர்த்தி கனமீட்டருக்கு 1.4 டன் என்றால் அங்கே 0.7 டன் மண் இருக்கிறது. துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லின் அடர்த்தி 2 டன், அதில் கரையாத பொருள் 2 சதவீதம் என்று வைத்தால், ஒரு மீட்டர் கல் முழுதும் கரைந்து தருவது 0.04 டன். ஆக, அரை மீட்டர் மண்ணுக்கு 17.5 மீட்டர் கல் கரைந்திருக்க வேண்டும். சுற்றுநிலத்தைவிடச் சில மீட்டரே உயர்ந்த ஒரு மேட்டில், மேற்பரப்பு வடிவம் கலையாமல், இவ்வளவு கல் கரைந்து போயிருக்க வாய்ப்பில்லை.

மண்ணிலுள்ள நுண் தனிமங்களை அடிக்கல்லின் கரையாத எச்சத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: இரண்டும் ஒத்துப்போவதில்லை. மண்ணின் களியும் மணலும் பெரும்பங்கு காற்றில் வந்து விழுந்தவை. கண்டத்தின் உட்பகுதி வறண்டிருந்த காலங்களில் மேற்குக் காற்று தூசியைக் கொண்டுவந்து கொட்டியது. சுண்ணாம்புக்கல் அதைத் தாங்கிப் பிடித்து, கால்சியம் கொடுத்து, நன்றாக வடியவிட்டு, சிவக்க வைத்தது. கல் இந்த மண்ணுக்குத் தாய் என்பதைவிடத் தொட்டில் என்பது சரி. இது வெறும் அறிவுக் குதூகலம் இல்லை. மண் கல்லிலிருந்து வராததால், கல் எங்கே இருந்தாலும் அதே மண் இருக்கும் என்று கருத முடியாது. உழுது, தோண்டி, மழையில் அடித்துப்போக விட்டு இழந்தால் அது திரும்ப வரவும் வராது.

ஒரே கல், இரண்டு மண்

செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் அடியில் இருப்பது ஒரே வகைச் சுண்ணாம்பு. வேறுபாட்டைச் செய்தது தண்ணீர். மேட்டில் நிலத்தடி நீர் 2 முதல் 5 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. மழைநீர் மண்ணைக் கடந்து சுக்கானின் விரிசல் வழியாக இறங்கிவிடுகிறது. போகும்போது மேல்மண்ணில் இருந்த சுண்ணாம்பைக் கழுவி இறக்கிவிடுகிறது. காற்றோட்டம் இருப்பதால் இரும்பு ஹெமடைட் என்ற சிவப்பு ஆக்சைடாக நிலைத்துவிடுகிறது. அந்த இரும்பும் கால்சியமும் களித்துகள்களை ஒன்றோடொன்று பிடித்துச் சிறு பன்முகக் கட்டிகளாக்குகின்றன. அதனால்தான் பாதியளவு களி இருந்தும் இந்த மண் களிமண் போல் ஒட்டாமல், பொலபொலவென உதிர்ந்து, மணற்பாங்கான மண்ணின் வேகத்தில் நீரை வடிக்கிறது. கார அமில நிலை (pH) 7-ஐ ஒட்டி இருக்கும்.

சில மீட்டர் தாழ்ந்த இடத்தில் கதை மாறுகிறது. குளிர்காலத்தில் நீர்மட்டம் வேர் மண்டலத்துக்குள்ளேயே வந்துவிடும். காற்று இல்லாத நீரில் இரும்பு சிவப்பாக இருக்க முடியாது. மட்கும் இலைதழை கால்சியத்தோடு பிணைந்து மக்கு அழியாமல் தங்கிவிடுகிறது; நிறம் கறுப்பு. சுண்ணாம்பு கழுவப்படாததால் கார நிலை 8-ஐத் தாண்டும். கோடையில் வெடிக்கும், குளிரில் சேறாகும். இந்தக் கரிசலை ரெண்ட்ஸினா என்பார்கள்.

எல்லை கத்தியால் வெட்டியது போல் இருப்பதில்லை. செம்பட்டைக்குள் கரிசல் திட்டுகள் உண்டு, கரிசல் வெளியில் செம்மண் தீவுகள் உண்டு. நடுவே சாக்லேட் நிறத்தில் இரண்டும் கெட்டான் மண்ணும் இருக்கிறது. வடக்கே ராட்டன்புல்லியிலும் பாத்வேயிலும்கூட நல்ல டெரா ரோசா இருக்கிறது. செம்மண் கூனவாராவுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

கொடிக்குக் கிடைக்கும் தண்ணீர்

களி கலந்த இந்த மண், கொடி எளிதில் உறிஞ்சக்கூடிய நீராக மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் வைத்திருக்கும் என்று கொள்ளலாம். சுக்கான் 40 சென்டிமீட்டரில் இருந்தால் கையிருப்பு 24 மில்லிமீட்டர். வெயில் ஏறிய கோடை நாளில் நன்கு தழைத்த கொடி வரிசை 3 மில்லிமீட்டர் குடிக்கும். எட்டு நாளில் தீர்ந்துவிடும். அதே தோட்டத்தில் மண் 1.2 மீட்டர் இருக்கும் குழிவில் 72 மில்லிமீட்டர். 24 நாள் தாங்கும். இந்த இரண்டு கொடிகளுக்கும் நடுவே இடைவெளி மூன்று மீட்டராக இருக்கலாம். நிறம் இரண்டிலும் ஒன்றே. பழுக்கும் நாள் ஒன்றல்ல.

ஏன் மூன்று மீட்டருக்குள் இப்படி? மழைநீர் ஓரிடத்தில் சுக்கானைத் துளைத்து இறங்கத் தொடங்கினால் அங்கேயே மேலும் மேலும் கரைத்துக் குழாய் போன்ற பள்ளத்தை உண்டாக்கும். மண் அதற்குள் சரிந்து நிறைந்துவிடும். மேலே நிலம் சமதளம், அடியில் பல்வரிசை.

ஆழம் குறைந்த இடத்தில் வேர் சுக்கானின் விரிசலைத் தேடிப் பிடித்தால் பிழைத்தது. விரிசல் வழியாக மென்கல்லுக்குள் இறங்கிவிட்டால் அங்கே நுண்துளைகளில் தங்கிய நீர் மெல்ல மெல்லக் கிடைக்கும். கோடை முழுக்கத் தளிர் வளர்வது நின்றுவிடும், காய் சிறுத்துத் தோல் தடிக்கும், ஆனால் இலை காயாது. கபர்னேவுக்கு இதைவிட நல்ல நிலை கிடையாது. விரிசல் கிடைக்காத கொடி அங்கே நடுக்கோடையான ஜனவரியிலேயே அடியிலையை மஞ்சளாக உதிர்க்கும். அது தரம் அல்ல, பட்டினி. இரண்டையும் ஒன்றாகக் கருதி “கொடி சிரமப்பட்டால் ஒயின் சிறக்கும்” என்று பேசுவது பெரிய தவறு.

கரிசலில் நேர்மாறான தொல்லை. வசந்தத்தில் ஈரம் மிகுதி, மக்கிலிருந்து தழைச்சத்து மிகுதி. கொடி இலையாகவே ஓடுகிறது. குலை நிழலில் கிடக்கும். கபர்னேயின் பச்சைக் குடைமிளகாய் வாடைக்குக் காரணமான மீதாக்சி பைரசீன் நிழலில் நிறைய உருவாகும், குறைவதும் மெதுவாக. கரிசல் ஒயின் சுமார் என்ற பெயரில் பெரும்பகுதி இந்த நிழலின் பெயர். வரிசைக்கு நடுவே குளிர்காலப் பயிர் விட்டு ஈரத்தைக் குடிக்க வைத்து, காய் பிடித்த கையோடு காலைவெயில் பக்கத்து இலைகளைக் கிள்ளினால் கரிசலிலும் வாடை இறங்கும்.

சுண்ணாம்புக்கல்லின் சுவை ஒயினில் தெரிகிறது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. வேர் உறிஞ்சுவது கரைந்த அயனிகளை, அதுவும் மிகச் சிறிய அளவில். கல் செய்யும் வேலை முழுக்க நீர் வழியாகவே நடக்கிறது.

கோடு போட்ட விதம்

1890-ல் ஜான் ரிடோக் என்ற பெருநிலக்கிழார் தன் நிலத்தைப் பிரித்து பெனோலா பழக் குடியேற்றம் என்ற பெயரில் சிறு விவசாயிகளுக்கு விற்றார். பழமரமும் திராட்சையும் வைக்க அவர் தேர்ந்தது செம்மண் பட்டையை. 1897-ல் இதற்குக் கூனவாரா என்று பெயர் வந்தது. 1901-ல் ரிடோக் இறந்த பின் அரை நூற்றாண்டு பெரும் சரிவு. 1951-ல் அவருடைய பழைய ஒயின் ஆலையை வின் குடும்பம் வாங்கிய பிறகே இடத்தின் பெயர் புட்டியில் ஏறி விலை பெற்றது. பெயருக்கு விலை வந்ததும் பெயரின் எல்லை எது என்ற கேள்வி வந்தது.

1994-ல் ஆஸ்திரேலியா ஐரோப்பிய சமூகத்தோடு செய்த ஒயின் உடன்படிக்கை, புவிசார் பெயர்களுக்கு எழுதிவைத்த எல்லை வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆஸ்திரேலிய விதிப்படி ஒரு ‘பகுதி’ என்றால் ஒரே தொடர் நிலமாக இருக்க வேண்டும். தலா 5 ஹெக்டேருக்குக் குறையாத, வெவ்வேறு உரிமையாளர்களின் 5 திராட்சைத் தோட்டங்களாவது அதில் இருக்க வேண்டும். வழக்கமான ஆண்டில் 500 டன் திராட்சை விளைய வேண்டும். அண்டை நிலத்திலிருந்து அளவிடக்கூடிய விதத்தில் வேறுபட்டிருக்க வேண்டும். மண், புவியியல், வடிகால், தட்பவெப்பம், வரலாறு, பெயர் வழக்கு எல்லாவற்றையும் எடைபோட வேண்டும்.

இங்கேதான் செம்மண் கைகொடுக்க மறுத்தது. செம்மண்ணை மட்டும் எல்லையாக்கினால் தொடர் நிலம் கிடைக்காது, தீவுகள்தான் கிடைக்கும். தொடர் நிலம் வேண்டுமென்றால் கரிசலையும் உள்ளே எடுக்க வேண்டும். எடுத்தால் எவ்வளவு தூரம்? வெளியே விடப்பட்ட உரிமையாளர்கள் நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். வழக்கின் தலைப்பில் முதலில் நின்றது ஓர் உயர்நிலைப் பள்ளியின் பெயர். பெனோலா உயர்நிலைப் பள்ளிக்குச் சொந்தமாகச் சிறு திராட்சைத் தோட்டம் இருந்தது. 2001-ல் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. அது போதாது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வுக்குச் சென்றார்கள். 2002-ல் எல்லை மேலும் விரிந்தது. 2003-ல் பதிவேறியது.

இப்போதைய எல்லைக்குள் செம்மண், கரிசல், மணல், இடைநிலை மண் எல்லாம் அடங்கும். எல்லை விரிந்ததால் தரம் நீர்த்தது என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்த வருத்தம் தவறான இடத்தில் விழுகிறது. சட்டம் ஒரு பெயரின் வேலியைத்தான் போட முடியும். மண்ணின் வேலி ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் வளைந்து நெளிந்து கிடக்கிறது. புட்டியில் கூனவாரா என்ற சொல் மண்ணுக்கு உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்வதைவிட, எந்தத் தோட்டத்தின் எந்தத் துண்டு என்று கேட்பது பயன் தரும்.

ஒயினை வைத்து மண்ணைத் தீர்மானிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 1980களில் இங்கே பல தோட்டங்கள் கவாத்து ஏறக்குறைய இல்லாமலேயே கொடிகளை விட்டன. கூலி மிச்சம். கொடி வேலிப்புதராக வளர்ந்தது, சிறு குலைகள் ஆயிரக்கணக்கில் வந்தன, உள்ளே காய்ந்த தண்டு சேர்ந்தது, பழுப்பு சீராக இல்லாமல் போனது. செம்மண்ணிலேயே மெலிந்த, பச்சை வாடை அடிக்கும் ஒயின் வந்தது. மண் மாறவில்லை, கத்தரிக்கோல்தான் மாறியிருந்தது. பிறகு கொடிகளை மீண்டும் வெட்டிச் சீரமைத்தபோது அதே நிலத்தின் ஒயின் திரும்பி நிமிர்ந்தது.

குழியில் என்ன பார்ப்பது

வழக்கமான மண் ஆய்வில் 75 மீட்டருக்கு ஒரு குழி என்ற கட்டம் போடுவார்கள். கூனவாராவில் இது போதாது. குழாய்ப் பள்ளங்கள் மூன்று மீட்டரில் மாறுகிறபோது 75 மீட்டர்க் கட்டம் எல்லாவற்றையும் தவறவிடும். முதலில் ஈஎம்38 என்ற மின்காந்தக் கருவியை வண்டியில் கட்டி வரிசை வரிசையாக இழுத்து மின்கடத்தும் திறனை வரைபடமாக்க வேண்டும். கருவியை நிமிர்த்தி வைத்தால் ஏறத்தாழ 1.5 மீட்டர், படுக்கவைத்தால் 0.75 மீட்டர் ஆழத்தை உணரும். சுக்கான் மின்சாரத்தைக் கடத்தாது, களி கடத்தும். ஆகவே எண் குறைந்த இடம் ஆழம் குறைந்த இடம். பிறகு வரைபடத்தில் மாறும் இடங்களில் மட்டும் குழி.

இதில் இரண்டு பிழைகள் வழக்கமாக நேர்கின்றன. நிலம் காய்ந்திருக்கும்போது அளந்தால் ஆழமான மண்ணும் எண் குறைந்து ஏமாற்றும். குளிர்கால மழைக்குப் பின், மண் முழுக்க நனைந்து வடிந்த நிலையில் அளக்க வேண்டும். தாழ்நிலக் கரிசலில் உப்பு சேர்ந்திருந்தால் எண் ஏறும். அதை ஆழம் என்று படித்தால் போச்சு. கம்பியால் குத்தி ஆழத்தைச் சரிபார்க்காமல் எந்த வரைபடத்தையும் நம்பக் கூடாது.

குழியை இயந்திரத்தால் கல்வரை வெட்டி, 1.5 மீட்டரைத் தாண்டினால் முட்டுக்கொடுக்காமல் உள்ளே இறங்கக் கூடாது. வெட்டிய முகத்தைச் சிறு கத்தியால் கொத்தி இயல்பான பிளவுகளைத் திறந்துவிட்டு மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். நிறத்தை ஈரமான கட்டியில் மன்செல் அட்டையோடு ஒப்பிட வேண்டும், காய்ந்த கட்டி எப்போதும் வெளிறித் தெரியும். ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட வேண்டும். நல்ல செம்மண் சுக்கானைத் தொடும்வரை பொங்காது. பாதியிலேயே பொங்கினால் பழைய உழவில் சுண்ணாம்பு மேலே கலந்திருக்கிறது என்று பொருள். அடிமண்ணில் சாம்பல் திட்டோ துருப்புள்ளியோ இருந்தால் குளிர்காலத்தில் நீர் தேங்குகிறது. குழி வெட்டும் கோடையில் அது எவ்வளவு காய்ந்திருந்தாலும் சரி, அந்தத் திட்டைத்தான் நம்ப வேண்டும். கடைசியாக, வேர்கள். சுக்கானின் மேல்முகத்தில் படுத்துப் பக்கவாட்டில் ஓடும் வேர் விரிசல் கிடைக்காத வேர்.

சுக்கானை உடைப்பதும் கெடுப்பதும்

நடவுக்கு முன் சுக்கானை உடைக்க, கனரக இயந்திரத்தின் பின்னால் ஆழ் கொக்கிக் கலப்பை கட்டி 60 முதல் 90 சென்டிமீட்டர் வரை கிழிப்பார்கள். கோடையின் முடிவில், மண் காய்ந்திருக்கும்போது மட்டும். காய்ந்த களி நொறுங்கும், கல் பிளக்கும். ஈரத்தில் கிழித்தால் கொக்கியின் பக்கவாட்டில் களி வழவழவென்று தேய்ந்து இறுகி, வேர் நுழையாத சுவராகும். குறுகிய கொக்கி போதும், நடவு வரிசையில் மட்டும் போதும். இறக்கை வைத்த அகலக் கொக்கியால் முழு நிலத்தையும் உழுதால் கீழிருக்கும் மென்கல் மாவாக மேலே வந்து செம்மண்ணோடு கலந்துவிடும். 7 ஆக இருந்த கார நிலை 8 ஆகும். ஒரே நாளில் நடக்கும் இந்தச் சேதம் மனித ஆயுளுக்குள் சரியாகாது.

அதன் விளைவு இரும்புச் சோகை: இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு கொட்டிக் கிடந்தும் கார நிலையில் வேருக்குக் கரைந்து கிடைக்காது. தெற்கு ஆஸ்திரேலியாவில் வேரைத் தாக்கும் பிலாக்செரா பூச்சி இல்லாததால் இங்கே பெரும்பாலான கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன. ஐரோப்பியக் கொடியின் வேர் சுண்ணாம்பை நன்றாகவே தாங்கும். ஒட்டுக்கட்ட வேண்டுமென்றால் கவனம் வேண்டும். ஒட்டுக்கு அடியாகும் வேர்க்கொடிகளில் ரிப்பாரியா மண்ணில் 6 சதவீதச் செயல்படு சுண்ணாம்புக்கே சோர்ந்துவிடும், 101-14 என்ற வகை ஏறத்தாழ 9 சதவீதம் வரை, 110 ரிக்டர் என்ற வகை 17 வரை, 41பி என்ற வகை 40 வரை தாங்கும். ஆய்வகத்தில் மொத்தச் சுண்ணாம்பை மட்டும் அளந்து வேர்க்கொடி தேர்வதுதான் பொதுவாக நடக்கும் தவறு. வேருக்குத் தொல்லை தருவது மாவு போன்ற செயல்படு சுண்ணாம்பு, கட்டிக்கல் அல்ல. அம்மோனியம் ஆக்சலேட் முறையில் அதைத் தனியே அளக்கச் சொல்ல வேண்டும்.

உறைபனியும் அடைபட்ட குழாயும்

சில மீட்டர் மேட்டின் இன்னொரு பலன் வசந்தகாலத்தில் தெரியும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை தெளிந்த இரவுகளில் குளிர்காற்று நீர்போலத் தாழ்நிலத்துக்கு வடிகிறது. கரிசல் துண்டுகளில் தளிர் கருகும், மேட்டில் தப்பும். தலைக்கு மேல் தெளிப்பான்களால் மணிக்கு 3 மில்லிமீட்டர் நீர் தெளித்துக் காப்பாற்றலாம். உறையும்போது நீர் வெளிவிடும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 280 வாட். ஆனால் ஒரு ஹெக்டேருக்கு மணிக்கு 30,000 லிட்டர், எட்டு மணி நேரத்துக்கு 2,40,000 லிட்டர். பாதியில் நிறுத்தினால் இலைமேல் நீர் ஆவியாகத் தொடங்கும். ஆவியாதல் உறைதல் தருவதைவிட ஏழு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சுவதால் தெளிக்காமல் விட்டதைவிடச் சேதம் கூடும். வெயில் ஏறிப் பனிக்கட்டி தானாக உருகி விழும்வரை நிறுத்தக் கூடாது. அத்தனை நீரும் செம்மண்ணில் அன்றே வடிந்துவிடும். கரிசலில் வாரக்கணக்கில் தேங்கி வேரை மூச்சுத்திணற வைக்கும். அதனால் கரிசல் துண்டுகளுக்குக் காற்றாடிக் கோபுரம்தான் பொருத்தம்.

கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது என்பதால் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுதி. சொட்டுநீர்க் குழாயின் வாயில் நீர் வெப்பமாகி, கரியமில வாயுவை இழந்து, வெள்ளைக் காரையாகப் படியும். கோடை நடுவில் சில சொட்டிகள் மட்டும் அடைபட்டு, அவற்றின் கொடிகள் வாடும்போது மண் ஆழம் குறைவு என்று தவறாக எண்ணத் தோன்றும். பருவம் தொடங்குமுன்னும் நடுவிலும் அமிலக் கழுவல் வேண்டும்: குழாய்க் கடைசியில் நீரின் கார அமில நிலை 3-க்கு அருகே இறங்கும்வரை அமிலம் செலுத்தி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, முனைகளைத் திறந்து கழுவ வேண்டும். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல; குளோரினோடு சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

சொட்டிகள் சீரானபின் ஈஎம் வரைபடத்தையே பாசனத் திட்டமாக்கலாம். 40 சென்டிமீட்டர் துண்டுக்கு வாரம் இருமுறை சிறிதளவு, ஆழமான துண்டுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிறைய. பழைய வரிசைகள் இரண்டு மண்ணையும் குறுக்காகக் கடந்து செல்வதால் ஒரே குழாயில் இதைச் செய்ய முடியாது. புதிதாக நடும்போது வரிசையின் திசையையும் வால்வுகளையும் மண் மாறும் கோட்டை ஒட்டிப் பிரிக்கிறார்கள். பழைய துண்டுகளில் அறுவடையைப் பிரிப்பது ஒன்றே வழி: ஆழம் குறைந்த மேட்டை முதலில் பறித்துத் தனித் தொட்டியில் இட்டு, ஆழமான குழிவைப் பழுத்த பின் தனியே பறிக்க வேண்டும். எந்திர அறுவடையில் அந்த எல்லை தெரிவதற்கு வரிசைக் கம்பத்தில் வண்ணம் பூசிவைக்கலாம்.